நூற்றுப் பதின்மூன்று பேர் காணவில்லை

அழிந்துகொண்டிருக்கும் ஓர் இனத்தைச் சேர்ந்தவர் தாம் என்பதை நாளிதழ் மூலம் அறிந்துகொண்டபோது, நெவென்கா ஒரு மேல்வரிசைப் பல் செட்டுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார். செட்டைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். தலைநகரிலிருந்து வரும் அந்தத் தாளின் மூன்றாம் பக்கத்தில், செவ்வாய்க்கிழமைக்கு வேறு செய்தி கிடைக்காத குறையைத் தீர்க்கும் அளவில், இப்படிப் போட்டிருந்தது: "இணையக் கலைக்களஞ்சியம் கடைசி மூச்சு: நான்கே மாதங்களில் 113 பேர் மாயம்."

அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: "காரணம் தெரியாமல் கைபிசைகிறார் ஸ்ட்ருமிட்சா பெண்மணி."

அந்தப் பெண்மணி நெவென்காதான். கை பிசையவில்லை. முந்தின நாள் அந்த நிருபர் தொலைபேசியில் அழைத்தபோது அவர் கையில் பல் அச்சுக்காகப் பிசைந்த பிளாஸ்டர் மாவு இருந்தது. அந்த அளவுக்குச் செய்தி உண்மைதான்.

உரையாடல் நடந்தது இப்படி.

"மேடம், செப்டம்பர்ல நூத்தித் தொண்ணூத்தெட்டுப் பேர்தான் எழுதியிருக்காங்களா?"

"ஆமா. சரியான எண்ணிக்கை."

"மே மாசம் முந்நூத்திப் பதினொண்ணு?"

"அதுவும் சரி."

"அப்ப குறைஞ்சிருக்கு."

"கழிச்சுப் பார்த்தா அப்படித்தான் வரும்."

"ஏன் குறைஞ்சுது?"

"தெரியாது தம்பி. ஆதாரம் இல்லாம நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

இதைக் கேட்டு ஒரு நிருபர் மகிழ்ச்சியில் துள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நெவென்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அப்பா எங்கள் ஊர் ஸ்ட்ருமிட்சாவுக்கும் தலைநகர் ஸ்கோப்யேவுக்கும் இடையே பேருந்து ஓட்டியவர். வண்டி சூடாகும்போதெல்லாம் மலைப்பாதையில் ஏதாவது ஒரு கல் ஊற்றின் பக்கம் நிறுத்தித் தண்ணீர் பிடிப்பார். கூடப் போன மகள் ஊற்றின்மேல் செதுக்கியிருக்கும் பெயரையும் ஆண்டையும் படிப்பாள். பிற்பாடு மகள் பல் செட் செய்யப் படித்தாள், ஸ்லாவே என்ற பொறுமைசாலியைக் கல்யாணம் செய்துகொண்டாள், வீட்டின் கீழ்த்தளத்தில் பட்டறை வைத்தாள். ஆனால் ஊற்றுகள் அவளை விடவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம் என்று திறந்துவைத்திருக்கும் எங்கள் மொழிக் கலைக்களஞ்சியத்தில், பதினான்கு வருடங்களாக, சாலையோர ஊற்றுகளைப் பற்றி எழுதிவருகிறார். முந்நூற்று நாற்பது ஊற்றுகள். யார் கட்டியது, எந்த ஆண்டு, இப்போது தண்ணீர் வருகிறதா. எல்லாவற்றிலும் குடித்துப் பார்த்திருக்கிறார். ஆனாலும் ஒரு கட்டுரையில்கூடத் தண்ணீர் இனிக்கும் என்று எழுதியதில்லை. தன் நாக்கு சுதந்திரமான ஆதாரம் ஆகாது என்பது அவர் கட்சி.

இந்தக் குணம் வீட்டிலும் உண்டு. "மழை வரும்போல" என்று ஸ்லாவே சொன்னால், "யார் சொன்னது?" என்பார். "என் முழங்கால்" என்பார் ஸ்லாவே. "அது உன் சொந்தக் கருத்து" என்று சொல்லிவிட்டுத் துணியைக் காயப்போடுவார். துணி நனையும். கொள்கை நனையாது.

களஞ்சியத்துக்கு எங்கள் ஊரில் ஒன்பது பேர். பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு நெவென்காவிடம் வந்ததற்கு ஒரே காரணம்: தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கிற ஆள் எங்களில் அவர் ஒருவர்தான். பல் செட் தொழிலில் எந்த அழைப்பையும் விட முடியாது. பல் இல்லாதவர் திரும்பக் கூப்பிடச் சங்கடப்படுவார்.

அன்று மத்தியானமே தோடே போன் செய்து கடைக்கு வரச் சொன்னார். தோடே ரொட்டிக்கடைக்காரர். அவர் கடைக்கு மேலே உள்ள மாடி அறையில்தான் நாங்கள் புதன்கிழமைதோறும் கூடுகிறோம். வாடகை கிடையாது. கீழே அடுப்பு எரிவதால் ஜனவரியிலும் அங்கே சட்டைக்கையை மடித்துவிட்டு உட்காரலாம். பழைய புகைப்படங்களை நகலெடுக்கும் எந்திரம், புத்தக அலமாரி இரண்டு, ஏழு பிளக் பாயின்ட். பிளக் பாயின்ட் என்றால் மின்சாரம் எடுக்கிற துளை. எழுதுகிறவனுக்கு நாற்காலியைவிட அதுதான் முக்கியம். அந்த அறை இல்லையென்றால் ஒன்பது பேரும் ஒன்பது சமையலறைகளில் தனித்தனியாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் இணையத்தில் மட்டும் திட்டிக்கொள்ள வேண்டியதுதான். நேரில் திட்டும் சுகம் போய்விடும்.

நெவென்கா போனபோது தோடே கல்லாவுக்குப் பின்னால் நாளிதழை விரித்து வைத்திருந்தார்.

"என்னம்மா, நீங்கல்லாம் செத்துக்கிட்டு இருக்கீங்களாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"அது சரியா எழுதலை தோடே அண்ணே."

"என் சகலை ஆறு மாசமா அந்த மாடியைக் கேக்கறான். பந்தயம் கட்டுற கடை போடணுமாம். வாடகையும் தர்றேன்ங்கறான். படிக்கிற பசங்க இருக்காங்க, தர மாட்டேன்னு நான் சொல்லிட்டேன். இன்னிக்குக் காலையில இந்தப் பேப்பரைக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா காட்டறான். 'யாருக்கு வச்சிருக்க, பேய்க்கா?'ங்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வா, பேசலாம்னேன். பேப்பர்ல வந்துடுச்சேம்மா. பேப்பர் தப்புன்னா அதே பேப்பர் தப்புன்னு சொல்லட்டும். ஞாயித்துக்கிழமைக்குள்ள."

ஐந்து நாள். புதன்கிழமை மாலை ஒன்பது பேரும் மாடியில் கூடினோம். சரித்திர வாத்தியார் ஓக்னென், போர்க்களங்களைப் பற்றி எழுதுபவர், உட்காருவதற்கு முன்பே மறுப்பின் முதல் வரியைத் தட்டிவிட்டார்: "இந்தச் செய்தி பொய்."

அற்புதமான வரி. அத்தோடு நிறுத்தி அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் களஞ்சியக்காரர்கள் ஒன்பது பேரை ஓர் அறையில் அடைத்து, ஒரே பக்கத்தைத் திருத்தும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை உலகம் அறிந்துகொள்ள வேண்டும்.

"பொய்னு எப்படிச் சொல்லலாம்? எண்ணிக்கை சரிதானே" என்றது ஒரு குரல். வரி மாறியது: "இந்தச் செய்தி தவறான பொருள் தருவதாகச் சிலர் கருதுகின்றனர்."

"யார் அந்தச் சிலர்?"

"நாமதான்."

"நம்மளைப் பத்தி நாமே சொன்னா அது ஆதாரமா? வெளி ஆள் யாராவது அச்சுல சொல்லியிருக்காங்களா?"

தேடினோம். எங்கள் களஞ்சியத்தில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதைப் பற்றி, எங்களோடு சம்பந்தமில்லாத ஒருவர் அச்சில் எழுதியது உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது: செவ்வாய்க்கிழமை நாளிதழ். மனசாட்சிப்படி அதையே அடிக்குறிப்பில் போட்டோம்.

"ஓக்னென், அந்த உணர்ச்சியைக் குறைப்பா. 'கடைசி மூச்சு'ன்னு அவன் எழுதினதுக்கு 'அவதூறு'ன்னு நீ எழுதினா, அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

"அக்கா, நம்ம அறை போகப்போகுது. நான் உணர்ச்சிவசப்படக் கூடாதா?"

"படு. எழுத்துல படாதே" என்றார் நெவென்கா.

கீழே தோடே கடை சாத்தும் சத்தம் கேட்டபோது மறுப்பு தயார். நாற்பத்தோரு அடிக்குறிப்புகள். முதல் பத்தி இது: "களஞ்சியத்தில் பங்கேற்பு குறைந்துவருவதாக நாளிதழ் தெரிவிக்கிறது. தன்னார்வலர்களில் ஒரு பகுதியினர் இதை ஏற்கவில்லை. இரு தரப்பிலும் ஆதாரங்கள் உள்ளன." ஒன்பது பேரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டோம். எதிரிக்குக்கூட அநியாயம் செய்யாத மறுப்பு. நெவென்கா அனுப்பினார்.

வியாழக்கிழமை நாளிதழ் அதை நியாயமாகவே சுருக்கித் தந்தது: "பங்கேற்பு குறைவு: தன்னார்வலர்களிலேயே பிளவு. ஒரு பகுதியினர் மட்டும் மறுப்பு."

தோடே இந்த முறை போன் செய்யவில்லை. வாசலில் நின்று, எதிர்ச்சாரியில் போன நெவென்காவைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீங்களே எழுதிக் கொடுத்தீங்களாமே! நாப்பத்தோரு அத்தாட்சியோட! என் சகலை படிச்சுட்டு உங்களுக்குப் பூச்செண்டு அனுப்பணும்ங்கறான்."

கடையில் புரெக் பலகாரம் வாங்க நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. நெவென்காவும் சிரித்துவிட்டார். வேறு வழியில்லை. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவர் பட்டறையை மூடினார். பல் செட்டுகளை அலமாரியில் வைத்தார். மே மாதம் எழுதி செப்டம்பரில் எழுதாதவர்களின் பட்டியலை எடுத்தார். அதில் தொலைபேசி எண் தெரிந்தவர்கள் நாற்பது பேர். வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். பதினான்கு வருடத்தில் இந்த யோசனை யாருக்கும் வந்ததில்லை. களஞ்சியக்காரர்கள் ஆளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரிப்பார்கள்.

முதல் ஆள், காவாதார்ட்சியில் ஒரு கணக்காளர். "அக்கா, அப்புறம் பேசறேன், கை பூரா மிளகாய்."

இரண்டாவது ஆள், ப்ரிலெப் ஊர்க்காரர். "நெவென்காவா? மாமியார் வீட்ல மிளகாய் சுட்டுக்கிட்டு இருக்கேன். எழுபது கிலோ. என்னை வந்து காப்பாத்து."

மூன்றாவது ஆள் எடுக்கவே இல்லை. அவர் மனைவி எடுத்தார். "அவர் கிளறிக்கிட்டு இருக்காரும்மா. கையை எடுத்தா அடி பிடிச்சுடும்."

ஆறாவது ஆளுக்கு வருவதற்குள் நெவென்கா எழுந்து ஜன்னலைத் திறந்தார். கீழே முற்றத்தில் ஸ்லாவே தகர அடுப்பின்மேல் சிவப்புக் குடைமிளகாயைப் பரப்பி, புகைக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து முற்றத்திலும் புகை. அதற்கடுத்ததிலும். தெரு முழுக்க, ஊர் முழுக்க, பள்ளத்தாக்கு முழுக்க, குளிர்காலத்துக்கான அய்வார் என்ற மிளகாய்த் தொக்கு தயாராகிக்கொண்டிருந்தது. சுட்டு, தோல் உரித்து, அரைத்து, பாதி நாள் கிளறி, பாட்டிலில் அடைக்கும்வரை எங்கள் நாட்டில் யாரும் வேறு எந்த வேலையும் செய்வதில்லை. பிரசவத்தைத்தான் தள்ளிப்போட முடியாது.

இது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இது ஒரு காரணமாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றவேண்டியவர்களும் அந்த மாதம் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

நெவென்கா பதினோரு வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தார். பதினோரு செப்டம்பரிலும் பள்ளம். பதினோரு நவம்பரிலும் மேடு. இந்த மே மாதம் பள்ளி ஆசிரியர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்ததால் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். செப்டம்பரைச் செப்டம்பரோடு ஒப்பிட்டால் போன வருடம் இருநூற்று இரண்டு, இந்த வருடம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. நான்கு பேர் குறைவு.

மிச்சமிருந்த எண்களையும் கூப்பிட்டார். நாற்பதில் முப்பத்து மூன்று மிளகாய், நான்கு திராட்சை, ஒரு இரட்டைக் குழந்தை, ஒருவர் ஓக்னெனோடு சண்டை. கடைசி எண் ஸ்ட்ருகாவில் இருந்த ஓய்வுபெற்ற பொறியாளருடையது. பாலங்களைப் பற்றி எழுதுபவர். எடுத்தது அவர் மனைவி.

"நாங்க இந்த வருஷம் மிளகாய் சுடலைம்மா" என்றார் அந்த அம்மாள். "அவர் ஜூலையிலயே போயிட்டார்."

நெவென்கா பட்டியலைக் கவிழ்த்து வைத்தார்.

"அவர் எழுதினதெல்லாம் அங்கேயே இருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இருக்கும்மா. நூத்திப் பன்னிரண்டு பாலம். நேத்துக்கூட யாரோ படிச்சிருக்காங்க."

"யாருன்னு தெரியுமா?"

"அது எங்களுக்குத் தெரியாது. படிச்சாங்கன்னு மட்டும் தெரியும்."

"அது போதும்" என்றார்.

விஷயம் தெரிந்ததும் ஓக்னென் முற்றத்துக்கே ஓடிவந்தார், முழங்கை வரை கரி. "அக்கா, பிரமாதம்! 'குறையவே இல்லை, எல்லாரும் மிளகாய் சுடறாங்க'ன்னு ஒரே வரி அனுப்பிடு."

"நாலு பேர் குறைஞ்சிருக்காங்க."

"நாலெல்லாம் ஒரு குறைவா? அதைப் போட்டா மறுபடியும் 'குறைவு ஒப்புதல்'னு தலைப்பு போடுவான். ரெண்டு நாள்தான் இருக்கு!"

"அந்த நாலு பேர்ல ஒருத்தர் செத்துப்போயிருக்கார் ஓக்னென். அவரை இருக்கற கணக்குல எழுதச் சொல்றியா?"

ஓக்னென் கரிக்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். போர்க்களங்களைப் பற்றி எழுதுபவருக்கு இறந்தவர்களைக் குறைத்துச் சொல்வது என்றால் என்ன என்று தெரியும். தன் அடுப்புக்குத் திரும்பிப் போய்விட்டார்.

நெவென்கா நிருபரைக் கூப்பிட்டார். போர்யான் என்று பெயர், இருபத்தாறு வயசு. ஐந்தாவது முறைதான் எடுத்தான். பின்னணியில் ஒரு பெண்குரல் யாரையோ வைதுகொண்டிருந்தது.

"மேடம், நான் லீவுல இருக்கேன். திங்கக்கிழமை பேசலாமே. அம்மா வீட்டுக்கு வந்திருக்கேன், ராதோவிஷ்ல."

"ராதோவிஷ்ல என்ன தம்பி?"

வைதுகொண்டிருந்த பெண்குரல் இன்னும் கிட்டே வந்தது.

"மிளகாய்" என்றான்.

"அங்கேயே இரு. வர்றேன்."

அரைமணி நேரப் பயணம். மடிக்கணினியும் ஸ்லாவே கட்டிக்கொடுத்த ரொட்டியுமாக அவர் போய் இறங்கியபோது, மூன்றாம் பக்க நிருபர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தான். எதிரே அவன் அம்மா ஸ்தோய்னா, கையில் நீளத் துடுப்பு.

"யாருடா இது?"

"ஒரு செய்தி விஷயமா வந்திருக்காங்கம்மா."

"இவன் எழுதினது சரியில்லைன்னு சொல்ல வந்திருக்கேன்" என்றார் நெவென்கா.

"அப்ப உக்காரும்மா" என்று இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டார் ஸ்தோய்னா. முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா விவரமா சொல்லு."

நெவென்கா சொன்னார். போர்யானின் கை மிளகாய்ச் சாற்றில் இருந்ததால் அவன் கணினியைத் தொட முடியவில்லை. ஆகவே அவன் கை கழுவிக்கொண்டு பதினோரு வருடக் கணக்கைப் பார்க்க, அவன் இடத்தில் உட்கார்ந்து நெவென்கா தோல் உரித்தார். பல் செட் செய்யும் விரல்கள். ஒரு மிளகாய்கூடக் கிழியவில்லை. ஸ்தோய்னா அதைக் கவனித்தார், மகனையும் கவனித்தார்.

"டேய், மே மாசத்தையும் செப்டம்பரையுமா ஒப்பிட்ட?"

"கடைசி நாலு மாசம்மா, அதான் செய்தி…"

"செப்டம்பர்ல உங்க அப்பாவையே ஆபீஸ்ல காணோம்னு மூணு வாட்டி ஆள் அனுப்பினாங்க. அந்த ஆளையும் உக்கார வச்சு உரிக்க விட்டேன். உங்க பத்திரிகையில இன்னிக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்திருக்காங்க? அதைச் சொல்லு முதல்ல."

போர்யான் பத்திரிகை அலுவலகத்தை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. துணை ஆசிரியரின் கைபேசியை அழைத்தான். "சீக்கிரம் சொல்லுடா, அடுப்புல இருக்கு" என்றது அது.

ஸ்தோய்னா துடுப்பில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பையனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பையன்தான். கணக்குத்தான் அவசரம்.

"மேடம், இதுல நாலு பேர் குறைவுன்னு இருக்கே. அதையும் போடட்டுமா, வேண்டாமா?"

"போடு. பெரிசா வேணும்னாலும் போடு."

சனிக்கிழமை வந்தது. பெரிதாக இல்லை. பதினான்காம் பக்கம், கால்பந்து முடிவுகளுக்குக் கீழே, ஒரு விரல் அகலம்: செவ்வாய்க்கிழமை செய்தியில் மே மாதத்தைச் செப்டம்பரோடு ஒப்பிட்டது தவறு, அய்வார் காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் எண்ணிக்கை இறங்கி ஏறுகிறது, உண்மையான குறைவு நான்கு பேர்.

ஞாயிற்றுக்கிழமை தோடேயின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சகலை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தத் தாள் தட்டுக்குப் பக்கத்தில். தோடே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினான்காம் பக்கத்தை உரக்கப் படித்தார். நெவென்கா கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நாலு பேர் குறைவுன்னு இன்னும் போட்டிருக்கான் பாரு" என்றார் சகலை. "நான் சொல்லலை? குறையுதுதான்."

தோடே கண்ணாடியைக் கழற்றினார்.

"அதை யார் போடச் சொன்னது?" என்று நெவென்காவைக் கேட்டார்.

"நான்தான் அண்ணே."

"ஏன்?"

"குறைஞ்சிருக்கு. அதான்."

தோடே சகலை பக்கம் திரும்பினார். "நாப்பது வருஷமா ரொட்டிக்கடை வச்சிருக்கேன். 'எல்லாம் சூடா இருக்கு, இப்பதான் எடுத்தேன்'னு சொல்றவன்கிட்ட நான் வாங்க மாட்டேன். 'இது நாலு மட்டும் காலையில போட்டது'ன்னு சொல்றவன்கிட்ட வாங்குவேன். நீ ஆறு மாசமா உன் பந்தயக் கடையில ஒருத்தன்கூடத் தோக்க மாட்டான்ங்கறே. சாப்பிடு, ஆறுது."

சகலை ஒப்பந்தத் தாளை மடித்து, அதன்மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. பசியுள்ளவர்.

"ஒரே ஒரு நிபந்தனை" என்று தோடே மாடிச் சாவியின் இன்னொரு நகலை நெவென்காவிடம் நீட்டினார். "இனிமே பேப்பருக்கு எதையாவது மறுத்து எழுதணும்னா, நீங்க ஒன்பது பேரும் சேர்ந்து எழுதக் கூடாது. எங்கிட்ட வந்து சொல்லுங்க. நான் எழுதறேன்."

நெவென்கா தெருவுக்கு வந்ததும் எட்டுப் பேருக்கும் போன் செய்தார். ஒருவரும் எடுக்கவில்லை. கோபப்படாமல் காரை எடுத்தார். முதல் வீட்டில் சொல்லிவிட்டுப் பத்து மிளகாய் உரித்தார். இரண்டாவது வீட்டில் சொல்லிவிட்டு அரைக்கும் எந்திரத்தைச் சுற்றினார். நாலாவது வீட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டதில் அவர் சட்டையில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன. எட்டாவது, ஓக்னென் வீடு. பின்முற்றத்தில் பெரிய கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. ஓக்னென் இரு கையாலும் துடுப்பைப் பிடித்து நின்றார்.

நெவென்கா சாவியைத் தூக்கிக் காட்டினார்.

ஓக்னென் ஒரு கூச்சல் போட்டார். தெருமுனை வரை கேட்டிருக்கும். துடுப்பை மட்டும் விடவில்லை.

"அக்கா, சாவியை அங்க வை! வந்து இந்தப் பக்கம் பிடி, பிடி! அடி பிடிக்குது!"